இன்ஜினுக்குத் தீட்டு கிடையாது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படித்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில், பத்தாம் வகுப்போடு நின்றுபோன வண்டி ஓட்டுகிற ஒருவன் பேனாவை எடுத்திருக்கிறேன். நாலு பேர் கூடியிருந்தால் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவன் நான். கல்யாணப் பந்தியில் குழம்பு கேட்க வெட்கப்பட்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தவன் என்று என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவன் எதற்காக எழுத வேண்டும் என்றால், ஒருவரிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒன்றை நான் சொல்லாமலே விட்டுவிட்டேன். அவர் போன தை மாதம் இறந்துபோனார். இனி சொல்ல வழியில்லை என்று ஆன பிறகுதான் எழுதலாம் என்ற தைரியம் வந்தது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் வண்டியைச் சுத்தம் செய்தபோது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பெட்டிக்குள் ஒரு தினசரி காலண்டர் தாள் கிடைத்தது. முன்பக்கம் தேதியும் ராகுகாலமும் எமகண்டமும். பின்பக்கம் பேனாவால் நாலு வரி எழுதியிருந்தது. ஆயில், பில்டர், பிளக், பெட்ரோல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். கீழே ‘வளவனூர்’ என்று, அன்று வேலைக்குப் போன ஊரின் பெயர். என் அண்ணியின் கையெழுத்து. எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக, வரிசையில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். இறந்தவர்களின் உடல் கெடாமல் வைக்கிற ஐஸ் பெட்டியை நாங்கள் திண்டிவனத்திலிருந்து சுற்றுவட்டார ஊர்களுக்குக் கொண்டுபோய் வைப்போம். என் அண்ணன் ஆரம்பித்தது. அண்ணன் நெஞ்சுவலியில் போன பிறகு அண்ணி எடுத்து நடத்தினார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகை, அதில் பெட்டியும் ஜெனரேட்டரும். கொட்டகையை ஒட்டி ஒரு அறை, அதில் அண்ணி. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். நான் வண்டி ஓட்டுவேன், பெட்டியை இறக்கி வைப்பேன். ஜெனரேட்டர் மட்டும் அவர் பொறுப்பு. அதை யாரிடமும் விட மாட்டார்.

அது பெட்ரோலில் ஓடுகிற சின்ன ஜெனரேட்டர். இரண்டு பேர் தூக்கலாம். சிவப்புச் சட்டம், நடுவில் டாங்க், கீழே இன்ஜின், பக்கவாட்டில் இழுத்து ஸ்டார்ட் செய்கிற கயிறு. கரன்ட் இருக்கிற வரையில் அதற்கு வேலை இல்லை. கரன்ட் போனால் அது ஓடியே ஆக வேண்டும். இறந்தவரின் பிள்ளைகளில் ஒருவர் எங்கோ தூரத்தில் ரயிலிலோ பஸ்ஸிலோ வந்துகொண்டிருப்பார். அவர் வந்து முகம் பார்க்கிற வரையில் பெட்டி குளிர்ந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். அண்ணி அடிக்கடி சொல்வார்: “கல்யாணத்துக்கு மேளம் ஒரு மணி நேரம் லேட்டா வந்தாக்கூட சிரிச்சிக்கினே திட்டுவாங்க. நம்ம லேட்டானா அவங்களுக்கு இன்னொரு தரம் கெடையாது.”

அந்த இன்ஜினை அவர் பார்த்துக்கொண்ட விதத்தை நான் எழுதாவிட்டால் எழுத ஆள் இல்லை. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் ஜெனரேட்டரைச் சமதரையில் வைப்பார். சாய்ந்திருந்தால் ஆயில் அளவு தப்பாகக் காட்டும் என்பார். ஆயில் குச்சியை வெளியே எடுத்து, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். பிறகு காற்று போகிற வழியில் இருக்கிற பில்டர் பஞ்சு. அதைச் சோப்பு நீரில் அலசி, முறுக்காமல் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிழிந்து, நிழலில் காயவைத்து, நாலு சொட்டு ஆயில் விட்டு, மறுபடி பிழிந்து போடுவார். முறுக்கினால் பஞ்சு கிழிந்துவிடுமாம். அடுத்தது பிளக். அதைக் கழற்றிக் கரியை உப்புத் தாளில் தேய்த்து எடுப்பார். நுனியில் இருக்கிற இடைவெளி சரியா என்று உடைந்த ரம்பத் துண்டு ஒன்றை உள்ளே விட்டுப் பார்ப்பார். கடைசியாக, பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் டாங்கில் ஊற்றுவார். எல்லாம் முடிந்ததும் அன்று கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு டிக் போட்டு, கவரில் வைத்து, ஜெனரேட்டரின் கைப்பிடியில் கட்டுவார். சாவு இல்லாத வாரத்திலும் ஒருநாள் பத்து நிமிடம் ஓட்டி, இரண்டு பெரிய பல்புகளை எரிய விடுவார். நிறுத்தும்போது சுவிட்சை அணைக்க மாட்டார். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, உள்ளே இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக அடங்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். பழைய பெட்ரோல் உள்ளே நின்றால் பிசினாகி அடைத்துவிடும் என்பது காரணம்.

ஆயில் மாற்றுகிற கணக்குதான் விசேஷம். கம்பெனிப் புத்தகத்தில் இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று போட்டிருக்கிறது. மணியை யார் எண்ணுவது? அண்ணி வீட்டை எண்ணினார். ஜெனரேட்டர் ஓடிய வீடு ஐந்து ஆனால் ஆயில் மாற்ற வேண்டும். “அஞ்சாவது வீடு தம்பி” என்றால் எனக்குப் புரியும். வேறு யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றும்.

இந்த வேலைக்கென்று சில வழக்கங்கள் உண்டு. சாவு வீட்டிலிருந்து புறப்படும்போது ‘போய்ட்டு வர்றோம்’ என்று சொல்லக் கூடாது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிவிட வேண்டும். என் கூச்சத்துக்கு இது வசதி. திரும்பி வந்ததும் குளிக்காமல் வீட்டுக்குள் போகக் கூடாது. பெட்டியைப் பினாயில் போட்டுக் கழுவ வேண்டும். வண்டிக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். இந்தத் தண்ணீரை ஜெனரேட்டருக்கும் ஊற்ற வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. கூடாது என்பது அண்ணியின் கட்சி. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும் என்பார். ஒருமுறை இரண்டு பேருக்கும் கொஞ்சம் வார்த்தை தடித்தபோது அண்ணி சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “அழுவுறவங்களுக்குத்தான் தீட்டு. இன்ஜினுக்குத் தீட்டு கெடையாதும்மா. தண்ணி பட்டா அதுக்குத்தான் சாவு.” என் மனைவி மனதில் ஒப்பவில்லை.

அண்ணி இந்த வேலையை விரும்பிச் செய்தார் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டியில் போகும்போது ஒருநாள் அவராகவே சொன்னார். “உங்க அண்ணன் போனப்புறம் நல்ல காரியத்துக்குப் போனா நான் தூணுக்குப் பின்னாலதான் நிப்பேன். ஆரும் சொல்ல மாட்டாங்க, நமக்கே தெரியும் இல்ல? இங்க மட்டும்தான் என்னப் பாத்ததும் ‘வந்துட்டாங்க, வழி உடுங்க’ன்றாங்க.” நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். என் மகளை வளவனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு முதல் பிரசவம். மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு முடிந்து அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிற நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை, அண்ணி ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். புது பிளக் வாங்க வேண்டும், தங்கையையும் பார்த்து நாளாயிற்று, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். எங்கள் ஊரில் பிளக் விற்கிற கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். வளைகாப்புக்கு வாருங்கள் என்று நான் அவரைக் கூப்பிடவில்லை. என் மனைவியும் கூப்பிடவில்லை. அவர் பஸ் ஏறியதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை நான் மட்டும் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்ப் பெட்டியையும் ஜெனரேட்டரையும் எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். நாளைக்கு வயிற்றுப் பிள்ளைக்காரி இந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் குளிக்கப் போவாள், வருகிறவளுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். அவள் கையில் மஞ்சள் தண்ணீர்க் குடம் இருந்தது. நான் வாங்கி ஜெனரேட்டரின் தலையில் ஊற்றினேன். ஒரு குடம் போதும் என்றுதான் நினைத்தேன். மகள் முகம் நினைவுக்கு வந்தது. இன்னொரு குடமும் ஊற்றினேன். டாங்க் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் மஞ்சளாக இன்ஜினின் தகட்டு வரிசைகளுக்கு நடுவே ஓடி மண்ணில் இறங்கியது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

மறுநாள் வீடு நிறைய விருந்தாளிகள். கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை நினைத்தேன், செய்யவில்லை. வெள்ளிக்கிழமை காலை அண்ணி விழுப்புரத்திலிருந்து வந்து பையைக் கீழே வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. மண்டகப்பட்டில் ஒரு அம்மாள் விடியற்காலை இறந்துவிட்டார், உடனே வர வேண்டும் என்றார்கள். தான் உட்கார்ந்து பார்க்க நேரமில்லாததால் அண்ணி என்னைப் பார்த்து, ஜெனரேட்டர் எல்லாம் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். சீட்டு எங்கே என்றார். உள்ளே போய்க் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, நாலு வரி எழுதி, நாலு டிக் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கைப்பிடியில் கட்டினார். அவர் இருந்தவரையில் அந்தச் சீட்டை என் கையால் எழுதியது அந்த ஒருமுறைதான்.

மண்டகப்பட்டில் குகைக் கோயிலுக்குப் போகிற வழியிலேயே வலது பக்கம் திரும்பினால் அந்தத் தெரு. நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற குடும்பம். இறந்த அம்மாளும் போன வாரம்வரை மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கப் போனவர்தான் என்றார்கள். ஒரு மகன், ஒரு மகள். மகன் அங்கேயே இருக்கிறார். மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் ஆறு வருஷம். ஒருமுறைகூட வரவில்லை, வர விடவில்லை. இப்போதுதான் அந்த வீட்டுக்காரர்கள் மனமிரங்கி டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் விடிகாலை மெட்ராசில் இறங்கி, அங்கிருந்து பத்து மணிக்குள் ஊருக்கு வந்துவிடுவாள். அதுவரையில் வைத்திருக்க வேண்டும். மகன் அண்ணியின் முன்னால் கைகூப்பி நின்று கேட்டார். “பாப்பா வர்ற வரைக்கும் எங்கம்மா மொகம் மாறாம இருக்கணும்மா.” அண்ணி சொன்னார்: “நான் வச்சிருக்கேம்பா. நீ போயி ஆவுற வேலயப் பாரு.”

மத்தியானம்வரை கரன்ட் இருந்தது. மூன்று மணி வாக்கில் காற்று எழுந்தது. பந்தலின் தகரம் படபடத்தது. தெருமுனையில் புளியங்கிளை ஒன்று முறிந்து கம்பி மேல் விழ, ஊருக்கே கரன்ட் போனது. போன் போட்டுக் கேட்டதற்கு, இன்றைக்கு வர வாய்ப்பில்லை, பல இடத்தில் இப்படித்தான் என்றார்கள். அண்ணி பதறவில்லை. வீட்டின் பின்பக்கம் ஜெனரேட்டர் தயாராக இருந்தது. நான் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. பெட்டியின் சத்தம் மறுபடி கேட்டது. உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நிறுத்தி மூச்சுவிட்டார்கள்.

ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். இன்ஜின் இருமியது. கறுப்புப் புகை வந்தது. மறுபடி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், தோள் கழன்றுவிடும்போல இருந்தது. பிடிக்கவில்லை.

ஒவ்வொருவராகப் பின்பக்கம் வந்து சேர்ந்தார்கள். பங்காளிகளில் மூத்தவர் ஒருவர், தலையில் துண்டு கட்டியவர், கொஞ்சம் குடித்தும் இருந்தார். “இன்னாம்மா, எங்க பொணத்துக்கு ஒரு மால வாங்கியாந்தோம். ஒங்க மோட்டாருக்கும் ஒண்ணு வாங்கியாரட்டா?” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவரே பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு மகனிடம் திரும்பி, மழை இறங்குவதற்குள் எடுத்துவிடலாம், குவைத்திலிருந்து வருகிறவளுக்காக ஊரே காத்திருக்க முடியுமா, வந்து மண்ணைப் பார்த்து அழட்டும் என்றார். வேறு சிலரும் அதையே சொன்னார்கள். மகன் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அதற்குள் விமான நிலையத்துக்குள் போயிருப்பாள். போன் எடுக்கவில்லை.

அண்ணி எழுந்து வீட்டுக்குள் போனார். பெட்டியை யாரும் திறக்கக் கூடாது, திறக்காமல் இருந்தால் இரண்டு மணி நேரம் குளிர் நிற்கும் என்று பெண்களிடம் சொன்னார். வீட்டிலிருந்த கம்பளி, போர்வை எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினார். முகம் தெரிகிற கண்ணாடியை மட்டும் விட்டார். பிறகு வந்து ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் குந்தினார். வீட்டில் ஒரு பாட்டில் கேட்டு வாங்கி, கார்புரேட்டரின் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி, பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டது. பில்டர் மூடியைக் கழற்றினார். பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

மஞ்சள் தண்ணீர் வந்தது. அவர் விரல் இடுக்குகளில் இறங்கி மணிக்கட்டுவரை ஓடியது.

நான் அவருக்கு எதிரே குந்தியிருந்தேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

“எத்தினி கொடம்?”

“ரெண்டு அண்ணி.”

பஞ்சை மறுபடி ஒருமுறை அழுத்திப் பிழிந்தார். பிறகு கேட்டார்:

“பொண்ணு நல்லபடியா வந்து சேந்துதா?”

“வந்துடுச்சி அண்ணி.”

“நல்லது.”

அவ்வளவுதான் பேசினார். அவர் என்னை அடித்திருக்கலாம். ஜெனரேட்டர் மேல் நான் எதற்காகத் தண்ணீர் ஊற்றினேனோ, அதே காரணத்துக்காகத்தான் அவரையும் வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விட்டேன் என்பது அந்த ‘நல்லது’ காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது முன்பே தெரியும். தெரிந்துதான் பஸ் ஏறினார்.

அப்போது அந்தப் பங்காளி மறுபடி வந்து, என்னதான் ஆச்சு என்றார். நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அண்ணி எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “பெட்ரோல்ல தண்ணி கலந்துகிச்சி. நான்தான் பாக்காம கொண்டாந்துட்டேன், என் தப்பு. ஒரு மணி நேரம் குடுங்க. ஓடலன்னா அப்புறம் ஒங்க இஷ்டம்.” மகன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பங்காளிகளிடம், ஒரு மணி நேரம் பார்ப்போம் என்றார். அன்று அவர் வாயிலிருந்து உறுதியாக வந்த ஒரே பேச்சு அதுதான்.

டாங்கில் இருந்த பெட்ரோல் முழுவதையும் ஒரு வாளியில் வடித்துத் தெருக்கோடியில் தள்ளி வைத்தோம். அண்ணி தன் முந்தானையைக் கிழித்து, ஒரு குச்சியில் சுற்றி, டாங்கின் அடிவரை விட்டுத் துடைத்தார். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்குமாம். வெளுக்கவில்லை. பஞ்சைச் சோப்பில் அலசி, பிழிந்து, துண்டுக்குள் வைத்து என்னை மிதிக்கச் சொன்னார். மிச்சம் இருந்த ஈரம் அப்படித்தான் போனது. பிளக் நனைந்து கறுத்திருந்தது. விழுப்புரத்தில் வாங்குவதாகச் சொன்ன புது பிளக்கை அவர் வாங்கியிருக்கவில்லை. அதைச் சூடுகாட்டிக் காயவைக்க வேண்டும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்திலும் எடுக்கிறவரையில் உலை வைக்க மாட்டார்கள். வாசலில், பந்தலுக்கு அப்பால், மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தி மேளத்துக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி பிளக்கை என் கையில் கொடுத்து, பெட்ரோல் பட்ட கையை மண்ணில் தேய்த்துவிட்டு அங்கே போகச் சொன்னார்.

அவர்களில் பெரியவர் ஒருவர், நெற்றியில் திருநீறும் வாயில் வெற்றிலையுமாக இருந்தவர், பிளக்கை வாங்கி இடுக்கியில் பிடித்துக்கொண்டார். “ஒங்க மோட்டாருக்கும் சூடு காட்டினாத்தான் சத்தம் வருமா? எங்க மோளம் மாதிரிதான் சொல்லு” என்றார். நான் தலையாட்டினேன். நெருப்புக்குள் விடாமல், தீ நாக்கு படுகிற இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எவ்வளவு சூடு போதும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைப் பீங்கானில் இருந்த ஈரம் போய்ப் பளிச்சென்று ஆனதும் ஒரு துணியில் வைத்துக் கொடுத்தார். “ஓடும் போ” என்றார்.

நான் திரும்பி வந்தபோது மகன் தன் பைக்கிலிருந்து குழாய் போட்டுப் பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணி அதைப் பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு டாங்கில் ஊற்றினார். பிறகு கைப்பிடியில் கட்டியிருந்த சீட்டை எடுத்தார். என்னிடம் பேனா கேட்டார். நான் போட்ட நாலு டிக்கையும் அடித்தார். ஆயில் குச்சியை மறுபடி எடுத்துப் பார்த்து ஒரு டிக் போட்டார். பில்டரைத் தொட்டுப் பார்த்து ஒன்று. பிளக்கில் ரம்பத் துண்டை விட்டுப் பார்த்து ஒன்று. பெட்ரோலுக்கு ஒன்று. சுற்றி நின்றவர்களுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை. சீட்டைக் கட்டிவிட்டுத்தான், “இழு தம்பி” என்றார்.

நாலாவது இழுப்பில் பிடித்தது. முதலில் திணறியது, பிறகு சீராக ஓடியது. அண்ணி கையைச் சைலன்சருக்கு நேராகக் காட்டி, வருகிற புகையை முகர்ந்து பார்த்தார். போர்வைகளை எடுக்கச் சொல்லி உள்ளே கைகாட்டினார். துண்டு கட்டிய பங்காளி சத்தம் போடாமல் போய்ப் பந்தலில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் காலை பத்து மணி தாண்டியும் அது ஓடியது. பெட்ரோல் ஊற்றுவதற்காக இடையில் நாலு தடவை நிறுத்தினோம். ஒவ்வொரு தடவையும் சூடு ஆறப் பத்து நிமிடம் காத்திருந்து, பிறகுதான் அண்ணி ஊற்ற விட்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. நான் பலமுறை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணி என்று சொல்ல வேண்டும். இன்ஜின் சத்தத்தில் சொன்னாலும் கேட்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் செவிட்டில் அறைந்திருந்தால்கூட அந்தச் சாக்கில் சொல்லியிருப்பேன். அவர் டீ வந்தபோது பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

இதற்குப் பிறகு அவர் எட்டு வருஷம் இருந்தார். எட்டு வருஷமும் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ ஊருக்குப் போனோம். நான் சொல்லவில்லை. என் மகளின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் காதுகுத்துக்கும் அண்ணி விழுப்புரம் போனார். அப்போதும் நான் தடுக்கவில்லை. தை மாதம் அவர் இறந்தபோது எங்கள் பெட்டியில்தான் வைத்தோம். அன்று கரன்ட் போகவில்லை. இன்ஜினுக்கு வேலை இருக்கவில்லை. இருந்தும் காலையிலேயே நாலையும் பார்த்துச் சீட்டு எழுதிக் கட்டினேன். இந்த முறை உண்மையாகவே பார்த்தேன்.

மண்டகப்பட்டுக்கு வருகிறேன். காலை பத்தேகால் இருக்கும். ஒரு வாடகைக் கார் தெருமுனையில் நின்றது. பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு பெரிய பெட்டியோடு அந்தப் பெண் இறங்கினாள். முப்பது வயது இருக்கலாம். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தாள். பெண்கள் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் கையை வைத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முகம் மாறியிருக்கவில்லை. நெற்றியில் ஒட்டிய காசுகூட ஒட்டியபடியே இருந்தது.

பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன வீட்டுக்குள் அதன் சத்தம்தான் நிறைந்திருந்தது. அவள் திரும்பி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், “கொஞ்சம் அத்த நிறுத்தச் சொல்லுங்களேன்” என்றாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். அண்ணியைப் பார்த்தேன். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு அது தானாக அடங்கும்வரை காத்திருப்பதுதான் அவர் வழக்கம். அன்று அவர் நேராகப் போய்ச் சுவிட்சை அணைத்தார்.

அத்தனை மணி நேரம் கேட்ட சத்தம் ஒரே நொடியில் நின்றதும் காது அடைத்த மாதிரி ஆனது. அழுதவர்களும் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் கண்ணாடிக்கு அருகில் குனிந்து, போனில் பேசுகிற மாதிரி, சாதாரணமான குரலில் சொன்னாள்.

“லைன் சரியா இல்ல, நீ பேசறது ஒண்ணுமே கேக்கலன்னு சொல்லிக்கினே வச்சிருவியே. இப்ப கேக்குதாம்மா?”

அண்ணி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கையில் ஆயில் துணி இருந்தது. அதை மடித்து மடித்து மிகச் சிறியதாக்கிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள். நாங்கள் பெட்டியை ஏற்றிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆயில் மாற்றினோம். பதினொரு மணிக்குத் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து போன் வந்தது, போனோம்.